உளி, இழைப்புளி, ரம்பம் துரு புடிக்குதா? துரு எங்க இருக்குன்னு பாருங்க, காரணம் அங்கதான் இருக்கு

பினாங்குல ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிக்குது, கடலும் பக்கத்துலயே இருக்கு, அதனால வெளிநாட்டு யூடியூப் ஆளுங்க சொல்ற "மாசத்துக்கு ஒரு தடவ எண்ணெய் தடவுங்க" எல்லாம் நம்ம ஊருக்கு பத்தாது. என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற சாமான்ல பாதிக்கு மேல "கவர் போட்டுதான் வச்சேன், எண்ணெய் போட்டுதான் வச்சேன்"னு சொல்லிதான் வருது. உண்மைதான், போட்டிருப்பாங்க. ஆனா பல நேரம் அந்த கவர்தான் வில்லன். அதனால துருவைப் பாத்ததும் உடனே தேய்க்க ஆரம்பிக்காதீங்க. மொதல்ல ஒரு போட்டோ எடுங்க, எந்த இடத்துல, எந்த வடிவத்துல புடிச்சிருக்குன்னு பாருங்க, தேச்சிட்டா அந்த ஆதாரம் போயிடும்.

கையில வேண்டியது: ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதம் மீட்டர், 0000 நம்பர் ஸ்டீல் வூல், தையல் மிஷின் எண்ணெய், பழைய காட்டன் பனியன் துணி. மீட்டர் மலிவானதா இருந்தா ஒரு தடவ சோதிச்சிடுங்க. பாட்டில் மூடில உப்பு போட்டு, உப்பு நனையிற அளவுக்கு நாலு சொட்டு தண்ணி விட்டு, அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள்ள போட்டு ராத்திரி முழுக்க மூடி வைங்க. காலையில 75 காட்டணும். 80 காட்டுனா உங்க மீட்டர் 5 கூட காட்டுதுன்னு அர்த்தம், அதைக் கழிச்சிக்குங்க.

அறிகுறி 1: பிளேடு முழுக்க லேசா ஆரஞ்சு பொடி

இதுதான் ரொம்ப சாதாரணமானது, சீக்கிரம் சரியாகுறதும் இதுதான்.

மொதல் சந்தேகம் எண்ணெய் மேல. டபிள்யூடி-40 அடிச்சு வச்சிருந்தீங்கன்னா, அது ஈரத்தை விரட்ட நல்ல சாமான், ஆனா அதுல பெரும்பகுதி ஆவியா போயிடும், மிஞ்சுற படலம் ரொம்ப மெல்லிசு, நம்ம ஊரு காத்துக்கு அது ரொம்ப நாள் தாங்காது. ஈரத்தை ஓட்ட அதை அடிங்க, தொடைங்க, அதுக்கு மேல தையல் மிஷின் எண்ணெயோ கமெலியா எண்ணெயோ ஒரு படலம் போடுங்க. ரொம்ப நாள் எடுக்காம வைக்கப்போறீங்கன்னா கெட்டி மெழுகு இன்னும் நல்லது.

எண்ணெய் சரியா இருக்கா? அப்ப இடத்தைப் பாருங்க. மீட்டரை டூல் பாக்ஸுக்குள்ள ஒரு நாள் போட்டு வைங்க, அடுத்த நாள் அதே அறையில பாக்ஸுக்கு வெளிய வைங்க. உள்ளயும் வெளியயும் ஒரே நம்பர் காட்டுனா பாக்ஸ் மூடுறது வெறும் தூசிக்குதான், ஈரத்துக்கு இல்ல. ஃப்ளாட்ல நிறைய பேரு வாஷிங் மிஷின் வைக்கிற பால்கனியிலயோ குளியலறை சுவத்துக்குப் பின்னால இருக்க ஸ்டோர்லயோ வைக்கிறாங்க, அங்கேந்து படுக்கை அறை அலமாரிக்கு மாத்துனாலே பாதிப் பிரச்சன தீந்துடும், செலவே இல்ல. வீட்டம்மா என்ன சொல்வாங்கன்றது தனி பிரச்சன.

அடுத்தது சிலிக்கா ஜெல். பிஸ்கட் டின்ல வந்த சின்ன பாக்கெட்டை எடுத்து டூல் பாக்ஸ்ல போட்டா அது ஏற்கனவே தண்ணி குடிச்சு நிறைஞ்சதாதான் இருக்கும். நிறம் மாறுற வகையா வாங்குங்க, ஆரஞ்சா இருந்து பச்சையா மாறும், இல்ல நீலமா இருந்து ரோஸா மாறும். மாறிடுச்சுன்னா தட்டுல கொட்டி ஓவன்ல 120 டிகிரி பக்கம் வச்சு ரெண்டு மணி நேரம் காய வைங்க, திரும்ப வேலை செய்யும். நீலத்துல கோபால்ட் இருக்கு, சமையல் ஓவன்ல போடாதீங்க, ஆரஞ்சே வாங்கிக்குங்க. ஆனா இது எல்லாம் இறுக்கி மூடுற பாக்ஸுக்குதான். மர ட்ராயர்ல சிலிக்கா ஜெல் போட்டா பினாங்கு காத்தையே காய வைக்கப் பாக்குது, முடியுமா?

பாக்ஸ் இறுக்கமா மூடுதான்னு பாக்க ஒரு துண்டுப் பேப்பரை மூடில நசுங்குற மாதிரி வச்சு மூடி, இழுத்துப் பாருங்க. நாலு பக்கமும் புடிச்சு நிக்கணும். ஒரு பக்கம் வழுக்கிட்டு வந்தா அங்க இடைவெளி இருக்கு. ரப்பர் ஓரம் வச்ச உணவு டப்பா, பெரிய சைஸ்ல, விலை உயர்ந்த டூல் பாக்ஸை விட நல்லா மூடும்.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. துணி அலமாரில வைக்கிற, அடியில தண்ணி சேருமே அந்த டப்பா, அதை டூல் பாக்ஸுக்குள்ள வைக்காதீங்க. உள்ள இருக்கது கேல்சியம் குளோரைடு, அடியில சேருறது சுத்த தண்ணி இல்ல, உப்புத் தண்ணி. ஒரு தடவ கவுந்துச்சுன்னா பிளேடு கதை முடிஞ்சது.

கடைசியா, செலவு அதிகமான வழி: கேமராக்காரங்க வச்சிருக்க டிரை கேபினட். சின்னதே சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும். நல்ல உளி செட், பழைய இழைப்புளி சேத்து வச்சிருக்கவங்களுக்கு நியாயமான செலவு. 45-லேந்து 50 சதவீதம் வைங்க, 30-க்கு இறக்காதீங்க, மரப்பிடி சுருங்கி வெடிக்கும்.

அறிகுறி 2: விரல் ரேகை மாதிரி, உள்ளங்கை மாதிரி துரு

வேர்வை. வேற காரணம் தேட வேணாம். உப்பு 75 சதவீத ஈரத்துக்கு மேல போனா காத்துலேந்தே தண்ணிய இழுத்து நனைஞ்சிடும், நம்ம ஊர் காத்து பெரும்பாலும் அதுக்கு மேலதான், அப்ப நீங்க தொட்ட இடம் காயவே காயாது. மேல எண்ணெய் போட்டாலும் அடியில உப்பு உக்காந்து வேலையப் பாக்கும்.

அதனால வேலை முடிஞ்சதும் மொதல்ல லேசா ஈரமான துணியால உப்பைத் தொடைச்சு எடுத்து, உடனே காய்ஞ்ச துணியால ஈரத்தைத் தொடைச்சு, அப்புறம் எண்ணெய். வரிசை முக்கியம். கடலுக்கு எதுத்தாப்ல தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா பக்கம் சன்னலைத் தொறந்து வச்சு வேலை செய்றவங்களுக்கும் இதே வரிசைதான், அங்க காத்தே உப்பு கொண்டுவரும். அந்தப் பக்கம் வர்ற துரு ரேகையா இருக்காது, மணல் தெளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும்.

அறிகுறி 3: கூர் முனையில மட்டும், மூடி போட்ட இடத்துல மட்டும் துரு

உளியோட வந்த பிளாஸ்டிக் மூடிய கழட்டிப் பாருங்க. உள்ள ஈரம், கருப்பு கறை, முனையில துரு, மூடிக்கு வெளிய பளபளன்னு இருக்கா? மூடி ஈரத்தைப் புடிச்சு வச்சிருக்கு. சாணைக்கல்லுல தீட்டிட்டு தண்ணி சரியா துடைக்காம உடனே மூடி மாட்டுறவங்களுக்கு இது கண்டிப்பா வரும்.

செய்ய வேண்டியது: மூடியோட அடியில ரெண்டு ஓட்டை போடுங்க, காத்து போகட்டும். தீட்டுன உளிய மாட்டுறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் ஃபேனுக்கு முன்ன வைங்க, முனையில எண்ணெய் தொட்டு அப்புறம் மாட்டுங்க. இன்னும் நல்லது மூடியே வேணாம்னு ஒரு மரக்கட்டையில வரிசையா பள்ளம் வெட்டி, அடிப்பக்கம் தொறந்தபடி, உளிய நிக்க வைக்கிறது. குழந்தைங்க இருக்க வீட்ல அந்தக் கட்டை பூட்டுற அலமாரிக்குள்ள இருக்கணும்.

இழைப்புளியில இதே வியாதி வேற இடத்துல வரும். பிளேடையும் அதுக்கு மேல ஸ்க்ரூ போட்டு இறுக்குற தகடையும் பிரிச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு துரு இருக்கும். வெளிய எண்ணெய் துடைச்சா அது உள்ள போகாது. மாசத்துக்கு ரெண்டு தடவயாவது பிரிச்சு தொடைங்க. வாயில சிக்கியிருக்க சீவலையும் அன்னன்னைக்கே எடுத்துடுங்க, சரியா காயாத மெராந்தி மரச் சீவலை ராத்திரி விட்டா காலையில அது ஒட்டியிருந்த அச்சு அப்படியே தெரியும்.

அறிகுறி 4: ஒரு பக்கம் மட்டும் துரு, இன்னொரு பக்கம் சுத்தம்

எந்தப் பக்கம் எதைத் தொட்டுட்டு இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்துங்க. இங்க கிளை பிரியுது.

தோல் உறையில இருந்துச்சுன்னா: தோல் ஈரத்தைக் குடிக்கும், பதப்படுத்துன உப்பும் ஆசிட்டும் அதுல மிச்சம் இருக்கும். பாக்க அழகுதான், கடைக்கு எடுத்துட்டுப் போக வர நல்லது, நாள் கணக்கா உள்ள வைக்க இல்ல. கேன்வாஸ் சுருளும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா துவைச்சுக் காய வைக்கலாம்.

கறை சிவப்பா இல்லாம நீலக் கருப்பா இருந்துச்சுன்னா: மரம். மெர்பாவ், ஓக் மாதிரி மரத்துல இருக்க டானின்ன்ற துவர்ப்புப் பொருள் இரும்போட சேந்தா கருப்பா மாறும், ஓக் போதாக்குறைக்கு அசிட்டிக் ஆசிட் ஆவியும் விடும். அழகா மெர்பாவ்ல பெட்டி செஞ்சு அதுக்குள்ளயே உளிய படுக்க வச்சா இதுதான் நடக்கும். பெட்டிய தூக்கிப் போட வேணாம், உள்பக்கம் ஷெல்லாக் (அரக்கு பாலிஷ்) ரெண்டு மூணு கோட் அடிச்சு நல்லா காய விடுங்க, பிளேடு மரத்தைத் தொடாம வைங்க.

ஸ்பான்ஜ்ல வச்சிருந்தா: அமுக்கிப் பாருங்க. பொடியா உதிருதா, கையில பிசுபிசுன்னு ஒட்டுதா? அந்த பாலியூரித்தேன் ஃபோம் நம்ம சூட்டுக்கும் ஈரத்துக்கும் மக்கிப் போகும், ஒட்டுன இடமெல்லாம் அரிக்கும். காப்பாத்த முடியாது, தூக்கிப் போட்டுட்டு ஈவிஏ ஃபோம் வெட்டிப் போடுங்க.

இது எதுவும் இல்ல, ஆனா அடிப்பக்கம் மட்டும் துருன்னா அலமாரிக்கு அடியிலயோ பின்னாலயோ சுவரு ஈரமா இருக்கான்னு கையால தொட்டுப் பாருங்க. பெயிண்ட் உப்பி நிக்குதா, வெள்ளையா உப்பு பூத்திருக்கா? அது உங்க டூல் பிரச்சன இல்ல, பைப் பிரச்சன. சாமானை எடுத்துட்டு பிளம்பரைக் கூப்பிடுங்க. மேல் வீட்டுலேந்து ஒழுகுதுன்னா மேனேஜ்மென்ட் ஆபிஸ்ல எழுத்துல கொடுங்க, வாயால சொன்னா நடக்காதுலா.

அறிகுறி 5: பிளேடு மேல தண்ணி முத்து முத்தா

ஏர்கோன் அறையில வச்சு வெளிய எடுத்து வர்றவங்களுக்கு. அறை 22 டிகிரி, வெளிய 30 டிகிரி, ஈரம் 80 சதவீதம்னா, 26 டிகிரிக்குக் கீழ இருக்க எந்த இரும்பு மேலயும் தண்ணி படியும். இழைப்புளி மாதிரி கனமான இரும்பு சூடாக ரொம்ப நேரம் எடுக்கும், அதனால அதுதான் அதிகமா நனையும்.

தீர்வு சும்மா பொறுமைதான். டூல் பாக்ஸை மூடுனபடியே வெளிய கொண்டு வந்து, உள்ள இருக்கது வெளி சூட்டுக்கு வந்தப்புறம் தொறங்க. ராத்திரி மட்டும் ஏர்கோன், பகல்ல ஆஃப், இப்படி மாறி மாறி இருக்க அறைதான் ரொம்ப மோசம். முழு நேரமும் ஒரே மாதிரி இருக்க அலமாரி அதை விட நல்லது.

அறிகுறி 6: துரு எடுத்தாச்சு, ரெண்டு நாள்ல திரும்ப வந்துச்சு

எப்படி எடுத்தீங்க? வினிகர்லயோ சிட்ரிக் ஆசிட்லயோ ஊற வச்சிருந்தா ஆசிட் மிச்சம் இருக்கு. எடுத்ததும் பேக்கிங் சோடா கரைச்ச தண்ணில முக்கி, கழுவி, உடனே துடைச்சு, டபிள்யூடி-40 அடிச்சு, அப்புறம் எண்ணெய். இந்த அஞ்சு வேலைக்கும் நடுவுல டீ குடிக்கப் போயிடாதீங்க, காய வச்சிட்டு இருக்கும்போதே ஆரஞ்சா பூக்கும்.

சிட்ரிக் ஆசிட் பவுடர் கேக் சாமான் கடையில கிடைக்கும், 1 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் போதும். அரை மணிக்கு ஒரு தடவ எடுத்துப் பாத்து பிரஷ் போடுங்க. ராத்திரி முழுக்க விட்டா நல்ல இரும்பையும் சேத்துத் தின்னும். கிளோராக்ஸ் மாதிரி பிளீச் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, ஆசிட்டோட சேந்தா விஷக் காத்து வரும்.

தேச்சுதான் எடுத்தீங்கன்னா குழி இருக்கான்னு பாருங்க. ஸ்டீல் வூல் போட்டப்புறமும் கருப்புப் புள்ளி நிக்குதா, ஊசி முனையால இழுத்தா அதுல தடுக்குதா? குழிக்குள்ள துரு உயிரோட இருக்கு. உளியோட மேல்பக்கம்னா கவலையே வேணாம், எண்ணெய் போட்டு விட்டுடுங்க. தட்டையான பின்பக்கம், முனைக்குப் பக்கத்துலன்னா அதான் பிரச்சன, ஏன்னா முனைன்றதே ரெண்டு பக்கமும் சந்திக்கிற கோடு, ஒரு பக்கம் குழி இருந்தா முனையில பல் விழும். லேசான குழின்னா சாணைக்கல்லுல பின்பக்கத்தைத் தேச்சு எடுத்துடலாம், நேரம் ஆகும். ஆழமா, பரவலா இருந்தா முனைய குழிக்குப் பின்னால வரைக்கும் வெட்டிக் குறைக்கணும், அந்த வேலைய மெதுவா சுத்துற, தண்ணி ஊத்துற கிரைண்டர் வச்சிருக்கவங்ககிட்ட கொடுங்க. வேகமான கிரைண்டர்ல நீங்களே பிடிச்சு முனை நீலமா மாறிடுச்சுன்னா பதம் போச்சு. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில இழைப்புளி வாங்குறவங்க கடையிலயே பிளேடோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்துட்டு வாங்குங்க, அடிப்பாகம் துருவா இருந்தா பரவாயில்ல. அடிப்பாகம் வளைஞ்சிருந்தா அதை நேராக்க மெஷின் ஷாப் போகணும், சர்ஃபேஸ் கிரைண்டிங் கூலிய முன்னாடியே கேட்டுக்குங்க, சில நேரம் இழைப்புளி விலைய விட அதிகமா சொல்வாங்க.

அறிகுறி 7: பிளேடு பிசுபிசுன்னு மஞ்சளா ஒட்டுது

சமையல் எண்ணெய். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் காத்துல கெட்டியாகி கோந்தாயிடும், தேங்காய் எண்ணெய் கெட்டுப் போய் நாத்தம் வரும். மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்டுத் துடைச்சு எடுத்துட்டு, தையல் மிஷின் எண்ணெய்க்கு மாறுங்க. ஹார்ட்வேர் கடை தவுக்கே, அதான் முதலாளி, அவருகிட்ட கேட்டா சின்ன பாட்டில் சில வெள்ளிக்குக் கொடுப்பாரு.

அறிகுறி 8: பயன்படுத்தவே இல்ல, ஆனா முனை மழுங்கி இருக்கு, பல் விழுந்திருக்கு

ட்ராயரைத் தொறந்து மூடிப் பாருங்க, சத்தம் வருதா? வந்தா காரணம் கிடைச்சாச்சு. ஒண்ணோட ஒண்ணு மோதாம தனித்தனி பள்ளத்துல வைங்க.

சுவத்துல காந்தப் பட்டை மாட்டியிருந்தா முனைய காந்தத்து மேல தட்டுறீங்களான்னு கவனிங்க. மொதல்ல முதுகை வச்சு அப்புறம் சாய்க்கணும். காந்தம் ஏறுன உளி சாணைத் தூளையும் இழுத்து வச்சுக்கும், அந்தத் தூள் துருப்புடிச்சு முனையில கறை விடும்.

ரம்பத்துக்கு ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற, பேப்பர் கட்டுற நீள பிளாஸ்டிக் கிளிப்பை பல்லு மேல தள்ளி மாட்டுங்க, சில காசுதான். தோட்டத்து ஹோஸ் வெட்டி மாட்டுறவங்களும் இருக்காங்க, பரவாயில்ல, ஆனா ஈரம் காய்ஞ்சப்புறம். பிவிசி ஹோஸ் வார்னிஷ் அடிச்ச பிடி மேல படாம பாத்துக்குங்க, நாளாக நாளாக ஒட்டிக்கும்.

பல்லு மழுங்கிடுச்சுன்னா பல் நுனி கருநீலமா இருக்கான்னு பாருங்க. இருந்தா அது நுனிய மட்டும் சூடாக்கி கெட்டிப்படுத்துனது, அரம் ஏறாது, புதுசு வாங்குறதுதான் வழி. ஜப்பான் இழுப்பு ரம்பம்னா பிளேடு மட்டும் மாத்தலாம். மத்த ரம்பத்தை சாணை புடிக்கிறவங்ககிட்ட கொடுத்தா பல்லும் வச்சுக் கொடுப்பாங்க.

அறிகுறி 9: பிடி ஆடுது, பூசணம், ஓட்டை

பிடி ஆடுதுன்னா பெரும்பாலும் ஏர்கோன்ல மரம் சுருங்கியிருக்கு. பிடியோட அடிப்பக்கத்தை மரச்சுத்தியால ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க, பூண் தளர்ந்திருந்தா அதையும் கீழ தள்ளி இறுக்குங்க. தண்ணில ஊற வைக்கிற பழைய வைத்தியம் அன்னைக்கு மட்டும்தான் நிக்கும், காய்ஞ்சதும் முன்னைய விட லூசாகும். விரிசல் விட்ட பிடிய ஒட்டி சுத்தியால அடிக்கிற வேலைக்கு எடுக்காதீங்க. கடைசல் போடுறவங்ககிட்ட புதுசு செஞ்சு வாங்குங்க.

வெள்ளை, பச்சைப் பூசணம்னா மாஸ்க் போட்டு வெளிய வச்சு 70 சதவீத ஆல்கஹாலால தொடைச்சு நிழல்ல காய வைங்க. லின்சீட் எண்ணெய் பூசுறீங்கன்னா மெல்லிசா பூசி மிச்சத்தை முழுக்கத் தொடைங்க. தொடைச்ச துணிய சுருட்டிப் போட்டுடாதீங்க, தானா சூடேறி தீப்புடிக்கும், விரிச்சு வெளிய காயப் போட்டு அப்புறம்தான் குப்பை.

ஓட்டை இருந்தா பிடிய கருப்புப் பேப்பர் மேல தட்டுங்க. மாவா மெல்லிசா கொட்டி, ஓட்டை 1-லேந்து 2 மில்லிமீட்டர்னா மரத்தை உளுத்துப் போக வைக்கிற வண்டு, ரப்பர் மரப் பிடியில இது ரொம்ப சகஜம். பிடிய கழட்டி, பையில இறுக்கிக் கட்டி, ஃப்ரீஸர்ல -18 டிகிரில ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்தப்புறம் பை சூடு வந்தப்புறம் பிரிங்க. ரவை மாதிரி கடினமான குருணை கொட்டுனா அது காய்ஞ்ச மரத்துலயே வாழுற கரையான் வகை, மண் கோடு இருந்தா தரையிலேந்து வர்ற கரையான். அந்த ரெண்டுலயும் பிடிய மட்டும் பாத்து பிரயோஜனம் இல்ல, அலமாரி, கதவு நிலை எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்டு பெஸ்ட் கண்ட்ரோல் ஆளைக் கூப்பிடுங்க, மருந்து ஸ்ப்ரே நீங்களே அடிச்சா கூட்டம் பக்கத்து மரத்துக்கு நகரும், அவ்ளோதான்.

அறிகுறி 10: கையை வெட்டிக்கிட்டீங்க

இது டூல் ரிப்பேர் இல்லன்னாலும் ட்ராயருக்குள்ள கண்ணை மூடிட்டு கையை விடுறவங்களுக்குன்னு எழுதுறேன். சுத்தமான துணியால 10 நிமிஷம் எடுக்காம அழுத்திப் பிடிங்க. ரத்தம் நின்னா கழுவி கட்டுங்க, டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா அன்னைக்கே கிளினிக் போங்க, பளபளன்னு இருந்த உளிதானேன்னு விடாதீங்க, டெட்டனஸ் துருவுலேந்து வர்றது இல்ல, அழுக்குல இருக்க கிருமிலேந்து வர்றது. விரல் மடங்கல, நீட்ட முடியல, நுனி மரத்துப் போச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் கிளினிக்ல நேரம் போக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, நரம்பும் தசைநாரும் சீக்கிரம் தைச்சாதான் நல்லா சேரும்.